சதுர அடிக்கு விற்ற மயில்: கிளிநொச்சி மாவட்ட உலோகக் கலைப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியை அண்டிய கிராமம் ஒன்றில் இந்தப் பட்டறை இயங்குகிறது. உரிமையாளர் நாற்பது வயதைக் கடந்த ஒட்டுத் தொழிலாளி. மீள்குடியேற்றத்தின் பின்னர், இந்திய வீடமைப்புத் திட்டம் உள்ளிட்ட வீட்டுத் திட்டங்கள் மும்முரமாக நடந்த ஆண்டுகளில், யன்னல் கிறில், இரும்புக் கதவு, கேற் ஆகியவற்றைச் செய்துகொடுத்துத் தொழிலில் காலூன்றியவர். பெயின்ற் அடிப்பதும் கொப்பியில் கணக்கு எழுதுவதும் வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசுவதும் அவருடைய மனைவியின் பொறுப்பு. மனைவியின் தம்பியும் அயலூர் இளைஞர் ஒருவரும் உதவியாளர்களாக இருந்தனர். 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தக் குடும்பத்தின் கணக்கை ஒழுங்குபடுத்த உதவியவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கிராமத்தின் பெயரும் குடும்பத்தின் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. தொகைகளும் மணித்தியாலங்களும் பட்டறைக் கொப்பியிலிருந்து எடுக்கப்பட்டவை.

இந்தப் பகுதியில் கேற்றுக்கும் கிறில்லுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசுவது வழக்கம். கேற்றைப் பொறுத்தவரை அது பொருந்தி வருகிற கணக்குத்தான். கேற்றின் பரப்புக் கூடினால் பொக்ஸ் பார் எனும் சதுர இரும்புக் குழாயின் நீளமும் ஒட்டு வைக்கும் இடங்களும் பெயின்ற்றும் ஏறத்தாழ அதே அளவில் கூடும் என்பதால், பரப்பைக் கொண்டே வேலையின் அளவையும் மதிப்பிட்டுவிடலாம். வாடிக்கையாளரும் அளவு நாடாவைப் பிடித்துத் தாமே கூட்டிப் பார்த்து, அடுத்த ஊர்ப் பட்டறையின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பேரம் பேசுவதற்கும் அது இலகுவானது. இவ்வாய்வில் விவரிக்கப்படும் சிக்கலின் வேர், அந்த அளவுகோல் அது பொருந்தாத வேறொரு பொருளுக்கு யாரும் கவனிக்காமலே தாவியதில் இருக்கிறது.

கேற்றிலிருந்து சுவருக்கு

2018 இல், வெளிநாட்டிலிருந்து வந்து ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் தமது கேற்றின் நடுவில் ஒரு மயில் வேண்டும் என்று கேட்டார். வெட்டி எஞ்சிய தகட்டுத் துண்டுகளில் அது செய்யப்பட்டது. கேற்றைப் பார்க்க வந்தவர்கள் மயிலைப் பற்றியே விசாரித்தார்கள். அடுத்து வந்தவர்கள் கேற் இல்லாமல் மயில் மட்டும், வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்குக் கேட்டார்கள். பின்னர் பனைமரங்கள், தாமரை, விளக்கு மாடம், பெயர்ப்பலகை, பழைய சைக்கிள் செயினும் உழவு இயந்திர உதிரிப்பாகங்களும் கொண்டு செய்த சேவல், மாடு என வகைகள் பெருகின. 2019 உம் 2020 உம் வருவோர் குறைந்த ஆண்டுகள். அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

2022 தான் இப்பட்டறையின் வேலைப்பாணியை மாற்றியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டபோது இரும்பு விலை கிழமைக்குக் கிழமை மாறியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் கிடைக்காத நிலையில் ஒட்டு இயந்திரமும் கிறைண்டரும் பெரும்பாலும் ஓய்ந்தே கிடந்தன. அந்த நேரத்தை வீணாக்க விரும்பாத உரிமையாளர், புளியங்குற்றியின் மேல்முகத்தில் குழிகள் செதுக்கி, மெல்லிய தகட்டை அதன்மீது வைத்துப் பின்பக்கமாகச் சுத்தியலால் தட்டிப் புடைக்கச் செய்யும் வேலையைப் பழகிக்கொண்டார். மயிலின் ஒவ்வொரு இறகும் தனித்தனியே தட்டி, மொட்டை உளியால் நரம்பு கீறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. முன்பு தட்டையாக இருந்த மயிலுக்கு உடல் திரண்டது. கழுத்தின் நீலத்துக்கும் அவர் பெயின்ற் பயன்படுத்தவில்லை. மினுக்கிய உருக்குத் தகட்டை வாயுச் சுவாலையால் மெல்லச் சூடாக்கும்போது 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சளும், அதற்கு மேல் கபிலமும் ஊதாவும், 300 பாகையை அண்டி நீலமும் மேற்பரப்பில் தோன்றும். வேண்டிய நிறம் வந்த கணத்தில் சுவாலையை விலக்கிவிட வேண்டும். கை பழகியவருக்கே வாய்க்கும் வேலை அது. அவருக்கு நன்றாகவே வாய்த்தது. வடிவமைப்பைப் பற்றி யாரும் அவருக்குப் பாடம் எடுத்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

மின்சாரம் வழமைக்குத் திரும்பிய பின்னரும் தட்டல் வேலை நின்றுவிடவில்லை. வாடிக்கையாளர் அதைத்தான் கேட்டார்கள். விலை மட்டும் கேற்றின் விலையாகவே, சதுர அடிக் கணக்கிலேயே, தொடர்ந்தது.

கவனிக்கப்பட்டவை

2023 தொடக்கத்தில் பட்டறையில் வேலை நிறைந்திருந்தது. ஓடர்கள் வரிசையில் நின்றன. இரவு ஒன்பது மணி வரை கிறைண்டர் சத்தம் கேட்டது. ஆனால் ஹாட்வெயார் கடைக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி மாதாமாதம் கூடிக்கொண்டிருந்தது. உதவியாளர் சம்பளத்துக்குச் சீட்டுக் காசு எடுக்கப்பட்டது. காரணம் கேட்டபோது உரிமையாளர் இரும்பு விலையையும் மின்கட்டணத்தையும் சொன்னார். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டிருந்தது உண்மை. மனைவி, மிகுதிப் பணத்தைத் தராமல் இழுத்தடிப்பவர்களைச் சொன்னார். அதுவும் உண்மை. ஆனால் இந்த இரண்டும் கேற் வேலையையும் ஒரேயளவில் பாதித்திருக்க வேண்டும். கேற் மட்டும் வந்த மாதங்களில் கடன் கூடவில்லை என்பதைக் கொப்பி காட்டியது.

ஆகவே நேரம் எழுதப்பட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. யார், எந்த வேலையை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டார் என்பதை அவரவரே குறிக்கவேண்டும். முதல் வாரங்களில் உரிமையாளருக்கு இது கௌரவக் குறைச்சலாகவே பட்டது. 'அண்ணை, இது உங்களை வேவு பார்க்க இல்லை, மயிலை வேவு பார்க்கத்தான்' என்று இளைய உதவியாளர் சொன்ன பிறகே அவர் தமது அட்டையை ஒழுங்காக நிரப்பினார்.

மூன்று அடிக்கு நான்கு அடி அளவுள்ள ஒரு மயில் 12 சதுர அடி. சதுர அடி 1,800 ரூபா வீதம் அதன் விலை 21,600 ரூபா. தகடு, கம்பி, ஒட்டுக் குச்சி, வெட்டும் தட்டு, வாயு, மின்சாரம், லாக்கர் எல்லாம் சேர்ந்து 10,900 ரூபா போக மிஞ்சுவது 10,700 ரூபா. இரண்டு நாள் வேலை என்று எல்லோரும் நம்பியிருந்த அந்த மயிலுக்கு அட்டைகளின்படி வரைந்து வெட்ட 9, தட்டி உருவாக்க 11, ஒட்ட 6, தீட்டி மினுக்க 5, சூட்டு நிறம் ஏற்ற 3, துடைத்து லாக்கர் பூசிப் பொதி செய்ய 7 என மொத்தம் 41 மணித்தியாலம் சென்றிருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு 261 ரூபா. அதே ஊரில் கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் அப்போது எட்டு மணித்தியால நாளொன்றுக்கு 3,500 ரூபா வாங்கினார். அது மணித்தியாலத்துக்கு 437.50 ரூபா.

அதே மாதம் செய்யப்பட்ட, 12 அடிக்கு 5 அடி கேற் ஒன்று 60 சதுர அடி, 108,000 ரூபா. பொருட்செலவும் பெயின்ற்றும் 82,000 ரூபா. மிஞ்சிய 26,000 ரூபாவுக்கு 38 மணித்தியால வேலை. மணித்தியாலத்துக்கு 684 ரூபா. அதாவது மயிலுக்குக் கேற் சோறு போட்டுக்கொண்டிருந்தது. மயில் ஓடர்கள் கூடக்கூடக் கேற்றுக்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைந்து, கடன் ஏறியது.

அட்டைகள் இன்னொன்றையும் காட்டின. மயிலின் 41 மணித்தியாலங்களில் 13 மனைவியுடையவை. மாதிரியைத் தகட்டில் வரைவதும், ஒட்டுக் கசடைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி எடுப்பதும், லாக்கர் பூசுவதும், பொதி செய்வதும் அவர் செய்தவை. அவை வீட்டு வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டு, இதுவரை எந்தக் கணக்கிலும் ஏறியிருக்கவில்லை. தகவலைக் கேட்டு அவர் வியப்படையவில்லை, மற்றவர்கள்தான் வியந்தார்கள்.

துருப் பற்றிய முறைப்பாடு

இந்தக் கணக்கு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே முல்லைத்தீவுக் கரையோரத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவருக்கு ஒரு பெரிய மயில் விற்கப்பட்டு, கடலைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டப்பட்டது. மாரி மழை தொடங்கியதும் கழுத்தின் நீலம் மங்கி, இறகு விளிம்புகளில் துரு பிடித்து, வெள்ளைச் சுவரில் கபில நிறக் கோடுகளாக வழிந்தது. அவர் மயிலின் விலையை மட்டுமல்ல, சுவருக்குத் திரும்பப் பெயின்ற் அடிக்கும் செலவையும் கேட்டார்.

மயில் கழற்றிக் கொண்டுவரப்பட்டு மேசையில் வைத்து ஆராயப்பட்டது. உலோக வேலை செய்கிற பிறருக்கும் பயன்படும் என்பதால் கண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சூட்டு நிறம் என்பது உருக்கின் மேற்பரப்பில் உருவாகும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். ஒளி அதில் பட்டுத் தெறிப்பதால் நிறம் தெரிகிறதே தவிர, துருவைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. அதன்மேல் பூசிய நிறமற்ற லாக்கர் மட்டுமே தடுப்பாக இருந்தது. துரு அந்த லாக்கருக்குக் கீழே, நூலிழைகளைப் போல விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடியிருந்தது. வெட்டிய தகட்டின் கூர்மையான ஓரத்தில் எந்தப் பூச்சும் காயும்போது பின்வாங்கி மெலிந்துவிடும் என்பதால், துரு முதலில் நுழைகிற இடம் எப்போதும் ஓரம்தான். இரண்டாவதாக, இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓரிரு புள்ளிகளில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தன. இரு தகடுகளுக்கிடையிலான நூலளவு இடைவெளிக்குள் நீர் தானாகவே இழுபட்டு ஏறும்; அங்கே தூரிகை எட்டாது, காற்றும் புகாது. பிரித்துப் பார்த்தபோது மிக மோசமான துரு வெளியே தெரியாத அந்த இடங்களிலேயே இருந்தது. மூன்றாவதாக, சில இறகுகளின் மீது விரல் அடையாளங்கள் அப்படியே துருவாகப் பதிந்திருந்தன. மினுக்கிய தகட்டை வெறுங்கையால் தொட்ட வியர்வை உப்பு, லாக்கருக்குக் கீழே சிறைப்பட்டிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்காற்றின் உப்பு. வரவேற்பறைக்குள் ஆண்டுக்கணக்காகத் தாங்கக்கூடிய பொருள் அந்தச் சுவரில் ஒரு மாரியைத் தாண்டவில்லை.

பட்டறை எந்த உத்தரவாதமும் எழுத்தில் கொடுத்திருக்கவில்லை. வெளியே மாட்டக்கூடாது என்று சொல்லியிருக்கவுமில்லை. கிறில்லும் கேற்றும் வெளியே நிற்கின்றன, எனவே மயிலும் நிற்கும் என்று வாங்கியவர் நினைத்தது நியாயமானது. கேற்றில் இருப்பது துருத்தடுப்பு அடிப்பூச்சும் அதன்மேல் எனாமலும் என்பதை அவர் எப்படி அறிவார்?

பழைய இரும்பு

இன்னொரு விடயமும் இக்காலத்தில் கவனத்துக்கு வந்தது. பழைய உலோகத்தில் செய்த உருவங்களுக்குக் கேள்வி கூடியதால், ஊரவர்கள் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து எடைக்கு விற்கத் தொடங்கினார்கள். வெடிபொருள் அகற்றும் பணி இன்றும் தொடரும் ஒரு பிரதேசத்தில் இது விளையாட்டுக் காரியமல்ல. ஒரு சாக்கில், மண் ஒட்டிய, என்னவென்று அடையாளம் தெரியாத உருளையொன்று வந்திருந்தது. அது தொடப்படாமல் உரிய தரப்புக்கு அறிவிக்கப்பட்டது. வெற்றுத் தோட்டாக் கோதுகளில் பூச்சாடி செய்து தரமுடியுமா என்று வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நல்ல விலை பேசியதும் உண்டு; உரிமையாளர் மறுத்துவிட்டார். ஆபத்தும் சட்டச் சிக்கலும் ஒருபுறமிருக்க, அயல் வீட்டார் எதைக் கண்டு என்ன நினைப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்க வந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நாக (துத்தநாக) முலாம் பூசிய கூரைத் தகரத் துண்டுகளை ஒட்டிச் சேவல் செய்த நாளில் இளைய உதவியாளருக்கு இரவு குளிரும் காய்ச்சலும் உடல் உளைவும் கண்டன. டெங்கு என்று பயந்து இரத்தம் சோதிக்கப்பட்டது. அடுத்த நாள் காய்ச்சல் தானாகவே விட்டது. அதே வேலையைத் திரும்பச் செய்த நாளில் காய்ச்சலும் திரும்பியது. நாகம் 907 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஒட்டும்போது எழும் வெப்பநிலை அதைவிட மிக அதிகம் என்பதால் முலாம் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்த சில மணித்தியாலங்களில் வரும் காய்ச்சல் இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் விட்டுவிடும். பால் குடித்தால் போய்விடும் என்ற நம்பிக்கை ஒட்டுத் தொழிலாளர் பலரிடம் இருக்கிறது; மூச்சோடு போன புகைக்கு வயிற்றில் மருந்து வைப்பதில் பலனில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

விடுதிக்காரரின் மயில் திரும்ப எடுக்கப்பட்டு, வெளிச்சுவருக்கு ஏற்ற வேறொன்று செலவில்லாமல் செய்து கொடுக்கப்பட்டது. சுவர்ப் பெயின்ற்றின் பாதிச் செலவும் ஏற்கப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே மலிவு என்று நான் சொன்னேன். உரிமையாளர் உடன்படவில்லை: அந்தச் சுவரைப் பார்த்துப் போகிறவர்கள் பலர், அங்கே வெற்றுச் சுவரில் நான்கு துளைகள் தெரிவதைவிட நல்ல மயில் ஒன்று தெரியட்டும் என்றார். அவருடைய கணிப்புச் சரியாகவே இருந்தது; பின்னாளில் இரு ஓடர்கள் அந்தச் சுவரைப் பார்த்தே வந்தன.

பொருட்கள் உள்ளே மாட்டுபவை, வெளியே மாட்டுபவை என இரண்டாகப் பிரிக்கப்பட்டன. சூட்டு நிறமும் லாக்கரும் உள்ளே மட்டும். வெளியே மாட்டுவனவற்றில் ஒவ்வொரு ஓரமும் அரத்தால் மழுக்கப்படும். இறகுகளுக்கிடையில் சிறு கம்பித் துண்டு வைத்து நீர் வடிந்து காற்றுப் புகும் அளவுக்கு இடைவெளி விடப்படும். நாகச் செறிவுள்ள அடிப்பூச்சின்மேல் இரு பகுதிகளைக் கலந்து பூசும் பெயின்ற் அடிக்கப்படும். கடற்கரைக்கு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கேட்பவருக்கு 316 தரத்தை மட்டுமே செய்வது எனத் தீர்மானிக்கப்பட்டது. 304 தரம் உப்புக் காற்றில் கபிலப் புள்ளி விழும். 316 இன் விலையைக் கேட்டபின் இதுவரை யாரும் செய்விக்கவில்லை. தீட்டிய தகட்டைக் கையுறையோடு மட்டும் தொடுவது, தின்னரால் துடைத்து அன்றைக்கே பூச்சிட்டு முடிப்பது என்பவையும் நடைமுறையாயின. மாரிகாலத்தில் மினுக்கிய தகட்டை ஓரிரவு திறந்து வைத்தால் காலையில் செம்மஞ்சள் படர்ந்திருக்கும்.

நாகத் தகரத்தை ஒட்டுவது நிறுத்தப்பட்டு, துளையிட்டு ரிவெட் அடித்துப் பொருத்தும் முறை வந்தது. வரிசையாகத் தெரியும் ரிவெட் தலைகள் சேவலுக்கு நன்றாகவே பொருந்தின. மூடிய பீப்பா, வாயுச் சிலிண்டர், அடையாளம் தெரியாத உருளை எதுவும் வாசலுக்குள் எடுக்கப்படாது என்று பலகை எழுதி வைக்கப்பட்டது. எரிபொருள் இருந்த பீப்பா வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும் என்பது தெரிந்தும், அவசரத்தில் அதை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

விலை பற்றிய முடிவு இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. மயிலின் பொருட்செலவு 10,900 ரூபாவோடு, மனைவி உட்பட எல்லோருடைய 41 மணித்தியாலத்தையும் 500 ரூபா வீதம் சேர்த்தால் 31,400 ரூபா. கருவித் தேய்மானம், தொலைபேசி, பழுதாகிப்போகும் வேலை ஆகியவற்றுக்கு 15 வீதம் சேர்க்க 36,110 ரூபா. 36,500 ரூபா என்று விலை குறிக்கப்பட்டது. ஒரே நாளில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றினால் ஊரில் வாங்குபவர் நின்றுவிடுவார் என உரிமையாளர் அஞ்சினார். அந்த அச்சம் பொய்யல்ல. படிப்படியாக ஏற்றலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. ஆனால் ஒவ்வொரு படியிலும் இடைப்பட்ட மாதங்களின் மயில்கள் நட்டத்தில் போகும் என்பதோடு, எவ்வளவு ஏறும் என்று தெரியாத விலை வாங்குபவருக்கும் நம்பிக்கை தராது என்பதால் அது கைவிடப்பட்டது. பதிலாக, பெரிய மயிலை ஓடருக்கு மட்டும் செய்வது, ஊர்ச் சந்தைக்குச் சிறிய பொருட்களைத் தொகுதியாகச் செய்வது என முடிவானது. பனைமரச் சாவித் தாங்கி, விளக்குத் தட்டு, சிறிய தாமரை ஆகியவற்றுக்குத் தடித்த தகட்டில் அச்சு வெட்டி வைத்து, ஒரே வகையில் இருபது இருபதாக வெட்டித் தட்டும்போது ஒன்றுக்கான நேரம் வெகுவாகக் குறைந்தது.

கணினி மூலம் லேசரில் வெட்டித் தருபவர்களிடம் அடித்தகட்டைக் கொடுப்பதா என்பதில் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. கைவேலை என்று சொல்லி விற்பதை இயந்திரத்தில் வெட்டலாமா என்று மனைவி கேட்டார். இறுதியில், பார்வைக்குத் தெரியாத பின்தகட்டை மட்டும் வெளியே வெட்டுவிப்பது, அதை வாங்குபவருக்குச் சொல்லிவிடுவது என உடன்பட்டார்கள். தட்டையான லேசர் வேலைப்பாடுகள் கொழும்பிலிருந்து இவர்களுடைய விலையைவிடக் குறைவாகவே வருகின்றன. சுத்தியலால் புடைத்த இறகு அவற்றில் இல்லை. எனவே கையின் நேரத்தை இறகுக்குச் செலவிடுவதே பொருத்தம் என்பது என் கருத்தும்.

விலைமதிப்பீடு 14 நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்றும், வரைபடம் ஒப்புக்கொண்டதும் பாதிப் பணம் முற்பணம் என்றும் அச்சடித்த தாளில் போடப்பட்டது. கேற் வேலை கைவிடப்படவில்லை. காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் விவசாயிகள் கையில் பணம் புழங்கும்போது கேற்றும், வெளிநாட்டவர் வந்துபோகும் ஆடி, ஆவணிக்கு முன்னதாகக் கலைப்பொருட்களும் என மாதங்கள் பிரிக்கப்பட்டன.

கடல் கடந்த மயில்

கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வட்ஸ்அப்பில் படம் பார்த்துக் கேட்பவர்கள் இருந்தார்கள். பொதி அனுப்பும் செலவைக் கேட்டதும் மறைந்துவிடுவார்கள். விமானக் கூரியர் நிறுவனங்கள் உண்மை எடையையும், நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்கே கட்டணம் அறவிடும். மயிலின் எடை சுமார் 14 கிலோ. அதன் பெட்டி 125 க்கு 95 க்கு 20 சென்ரிமீற்றர், கணக்குப்படி 47.5 கிலோ. வாங்குபவர் பெரும்பாலும் காற்றுக்கே காசு கட்டவேண்டியிருந்தது.

மயில் நான்கு பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, இறகுகளுக்குப் பின்னால் மறையும் இடங்களில் சிறு போல்ட், நட் கொண்டு பூட்டும்படி மாற்றப்பட்டது. பாகங்களை அடுக்கும் பெட்டி 65 க்கு 50 க்கு 15 சென்ரிமீற்றர். கன அளவு எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு என்பதால் கட்டணம் பொதியோடு சேர்ந்த உண்மை எடையான 16 கிலோவுக்கே வந்தது. எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. விமானப் பயணிகளின் பொதிக்குப் பரவலாக உள்ள 23 கிலோ, மூன்று பக்கமும் கூட்டி 158 சென்ரிமீற்றர் என்ற வரம்புக்குள் இந்தப் பெட்டி அடங்கியது. ஊருக்கு வந்து திரும்புபவர்கள் கூரியரே இல்லாமல் தங்கள் பொதியோடு கொண்டுபோகத் தொடங்கினார்கள். பூட்டும் விதத்தை மனைவி தொலைபேசியில் படம்பிடித்து ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறார்.

பின்விளைவு

அடுத்த ஓராண்டில் பெரிய மயில்களின் எண்ணிக்கை 17 இலிருந்து 7 ஆகக் குறைந்தது. அந்த ஏழில் ஐந்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உரியவை. ஊரில் கேட்டவர்களில் பலர் விலையைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். சிலர் மனவருத்தத்தோடு, முன்பு வாங்கிய உறவினரின் விலையைச் சுட்டிக்காட்டினார்கள். சிறிய பொருட்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. கலை வேலையில் மணித்தியாலத்துக்கு மிஞ்சியது 430 முதல் 470 ரூபா வரை. குறித்த 500 ரூபாவை அது எட்டவில்லை. சிறிய பொருட்களை எடுத்த கடைகள் விலைக்கழிவு கேட்டதும், விற்ற பின்னரே பணம் தந்ததும் அதற்குக் காரணம். ஆயினும் ஹாட்வெயார் பாக்கி முடிந்தது. இரவு வேலை நின்றது. வெளிச்சுவருக்கு என்று புதிய முறையில் செய்தவற்றில் அடுத்த மாரி முடியும்வரை எதுவும் திரும்பி வரவில்லை. ஒரு மாரி போதுமான சோதனை அல்ல.

தட்டல் வேலையில் உரிமையாளருக்கு அடுத்தபடியாகத் தேறியிருந்த இளைய உதவியாளர், 2024 இல் ஒட்டுத் தொழிலாளியாகக் கட்டாருக்குப் போனார். மணித்தியாலக் கணக்கு எழுதப் பழகியிருந்த அவர், தமது நேரத்தின் பெறுமதியையும் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மாற்றவேண்டியவை

நேர அட்டை முதல் சுவர் மயில் செய்யப்பட்ட 2018 இலேயே தொடங்கியிருக்கவேண்டும். அப்போது வேலை குறைவு. தட்டையான மயிலிலிருந்து புடைத்த மயிலுக்கு மாறிய 2022 இல் மணித்தியாலங்கள் ஏறியது உடனே கண்ணில் பட்டிருக்கும். வேலைமுறை மாறும் ஒவ்வொரு முறையும் அடுத்து வரும் மூன்று பொருட்களுக்காவது அட்டை எழுதுவது இப்போது விதியாகியுள்ளது.

எங்கே மாட்டப்போகிறீர்கள், கடல் எவ்வளவு தூரம், மழை படுமா என்ற கேள்விகள் விலை சொல்வதற்கு முன்னரே கேட்கப்படுகின்றன. குளியலறைக்கு என்று கேட்ட ஒருவருக்கும் வெளிச்சுவர் முறையே பின்பற்றப்பட்டது.

கைபழகிய உதவியாளரைத் தக்கவைப்பதற்கு இன்னும் விடை இல்லை. ஓடருக்குச் செய்யும் பெரிய பொருட்களில் இலாபப் பங்கு கொடுப்பது பற்றி உரிமையாளர் யோசிக்கிறார். மனைவி, முதலில் வியாபாரப் பெயர்ப் பதிவில் தமது பெயரும் பங்காளராகச் சேரவேண்டும், பிறகு மற்றவர்களின் பங்கைப் பேசலாம் என்கிறார். அதற்கான படிவம் பிரதேச செயலகத்திலிருந்து வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது.